வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டருக்கு உறுதியான சட்டகம் வடிவமைப்பது எப்படி

சொந்தமாக ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினி வழிகாட்ட, சுழலும் கட்டரால் பலகையையும் தகட்டையும் வெட்டும் இயந்திரம்) கட்ட நினைப்பவர்கள் மோட்டார், கன்ட்ரோலர், ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதல் சில வாரங்களைச் செலவிடுகிறார்கள். சட்டகமோ, கடைசியில் கைக்குக் கிடைக்கும் குழாய்களைக் கொண்டு ஒப்பேற்றப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. மோட்டாரைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், கன்ட்ரோலரையும் மாற்றிக்கொள்ளலாம். சட்டகத்தை மாற்றுவதென்றால் இயந்திரத்தையே மறுபடியும் கட்ட வேண்டியிருக்கும்.

நான் கட்டிய முதல் இயந்திரத்தில், ஸ்பிண்டிலைச் சுமந்து குறுக்கே நிற்கும் பாலம் 50 மி.மீ. சதுர இரும்புக் குழாயால் ஆனது. அதன் சுவர்த் தடிப்பு 3 மி.மீ., நீளம் ஒரு மீட்டர். மரப்பலகையில் அது குறையில்லாமல் எழுத்துகளைச் செதுக்கியது. முதன்முதலாக ஓர் அலுமினியத் தகட்டை வைத்து 6 மி.மீ. எண்ட் மில்லை (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டரை) இறக்கியபோதுதான் அதன் குணம் தெரிந்தது. கீச்சென்ற ஓசை அறையை நிறைத்தது. வெட்டிய விளிம்பில் நகத்தை ஓட்டினால், சீப்பின் பற்களைத் தடவுவதுபோல் வரிவரியாகத் தட்டுப்பட்டது. நான்காவது சுற்றில் கட்டர் ஒடிந்தது. ஸ்பிண்டிலுக்குச் சக்தி போதவில்லை என்று எண்ணி, அதைவிடப் பெரிய ஒன்றை வாங்கி மாட்டினேன். எடை கூடியதால் அதிர்வும் கூடியது.

அதன்பின் ஒரு நாள், டயல் கேஜை (மிகச் சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் கருவியை)க் காந்த அடியோடு மேசையில் நிறுத்தி, அதன் முனையைக் கட்டரின் தண்டில் பதித்து, கொக்கித் தராசால் கட்டர் முனையைப் பத்துக் கிலோ அளவுக்குப் பாலத்துக்குக் குறுக்காக இழுத்துப் பார்த்தேன். முள் 0.42 மி.மீ. நகர்ந்தது. பிறகு அதே இழுவிசையைக் கொடுத்துக்கொண்டே கேஜை மட்டும் ஒவ்வொரு பாகமாக மாற்றி வைத்து அளந்தேன். ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சிலிருந்து ஏறத்தாழ 0.15, பாலத்தின் வளைவிலும் முறுக்கலிலும் 0.11, பாலத்தைத் தாங்கும் இரண்டு பக்கத் தகடுகளில் 0.10, மீதி போல்ட் இணைப்புகளில் என்று கணக்கு பிரிந்தது. குழாய்தான் மெலிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பங்கு மொத்தத்தில் கால்வாசியைச் சற்றே தாண்டியதாக மட்டுமே இருந்தது.

கட்டரின் முனையில் பிறக்கும் விசை ஸ்பிண்டில், அதன் பிடி, இசட் தகடு, பிளாக்குகள், அவை வழுக்கி ஓடும் ரெயில்கள், பாலம், பக்கத் தகடுகள், அடிச்சட்டகம், மேசை என்று ஒவ்வொன்றாகக் கடந்து, வெட்டப்படும் பொருளின் வழியே மறுபடியும் கட்டருக்கே வந்து சேர்கிறது. இந்தச் சுற்றில் உள்ள ஒவ்வொரு பாகமும் ஒரு சுருள்வில். அவை ஒன்றின் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றின் இளகலும் கூட்டுத்தொகையாக முனையில் வந்து நிற்கும். ஒரு பாகம் 0.2 மி.மீ. இளகும்போது இன்னொன்றை 0.02-லிருந்து 0.01-க்குக் கொண்டுவருவதில் பயனில்லை. ஆகவே, வடிவமைக்கத் தொடங்கும்போதே இந்தச் சுற்றை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அதன் இளகலை மதிப்பிட்டு எழுதி, பெரிய எண் எங்கே நிற்கிறதோ அங்கே உலோகத்தைச் சேர்ப்பதே சரியான முறை.

எவ்வளவு விறைப்பு வேண்டும்?

வலிமையும் விறைப்பும் வேறு வேறு. வலிமை என்பது உடையாமல் தாங்குவது. விறைப்பு என்பது வளையாமல் தாங்குவது. வீட்டு ரவுட்டரின் வெட்டு விசைகள் பெரும்பாலும் பத்துகளிலிருந்து நூறு, இருநூறு நியூட்டன் வரைதான் இருக்கும். அதற்கு எந்தக் குழாயும் உடையப் போவதில்லை. அதனால் விலை கூடிய, உயர்வலிமை கொண்ட எஃகைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண மைல்ட் ஸ்டீலும் அந்த உயர்வலிமை எஃகும் மீள்தன்மைக் குணகத்தில் (பொருள் வளைவை எதிர்க்கும் அளவில்) ஏறத்தாழ ஒன்றே, இரண்டும் சுமார் 200 ஜிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு அது 70. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைக்கு 3 முதல் 4 வரைதான். ஒரே வடிவில் வெட்டிய அலுமினியத் துண்டு எஃகைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வளையும். எடையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது அதற்கான ஈடு.

அலுமினியத்தில் 6 மி.மீ. எண்ட் மில்லின் ஒவ்வொரு பல்லும் சீவி எடுக்க வேண்டிய தடிப்பு சுமார் 0.03 முதல் 0.05 மி.மீ. வரைதான். சட்டகம் அதைவிடக் கூடுதலாக விலகிக்கொடுத்தால், பல் உலோகத்துக்குள் இறங்காமல் அதன் மேல் உரசுகிறது. உரசல் சூட்டைக் கிளப்புகிறது, அடுத்த பல் இரண்டு மடங்கு தடிப்பைச் சந்திக்கிறது, சட்டகம் மறுபடி விலகுகிறது. கீச்சென்று கேட்ட ஓசையின் மூலம் இதுதான். எனவே பத்துக் கிலோ (ஏறத்தாழ 100 நியூட்டன்) இழுவிசைக்குக் கட்டர் முனை மரவேலைக்கு 0.1 மி.மீ., அலுமினிய வேலைக்கு 0.03 மி.மீ. அளவுக்கு மேல் நகரக் கூடாது என்ற வரம்பை நான் வைத்துக்கொள்கிறேன். எந்தப் பொருளை வெட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், தேவையில்லாத எடையும் செலவும் மிச்சமாகும்.

பாலத்தின் குறுக்குவெட்டு

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது. ஏனெனில், சிறிய கணக்கு ஒன்று இங்கே பெரிய பலன் தருகிறது.

இரு முனைகளில் தாங்கப்பட்ட ஓர் உத்தரத்தின் நடுவில் விசை விழுந்தால், அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறனுக்கு (அதன் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு) எதிர்விகிதத்திலும் இருக்கும். விசையோடு நீளத்தின் மும்மடியைப் பெருக்கி, அதை 48, மீள்தன்மைக் குணகம், நிலைமத் திருப்புத்திறன் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். சதுரக் குழாயின் நிலைமத் திருப்புத்திறன், வெளிப்பக்கத்தின் நான்மடியிலிருந்து உட்பக்கத்தின் நான்மடியைக் கழித்து, 12-ஆல் வகுத்துப் பெறும் எண்.

என் முதல் இயந்திரத்தின் 50 மி.மீ. குழாய்க்கு அந்த எண் சுமார் 2,08,500. ஒரு மீட்டர் நீளத்தில் 100 நியூட்டன் விசைக்கு அது 0.05 மி.மீ. வளையும். அதே 3 மி.மீ. சுவரோடு 100 மி.மீ. சதுரக் குழாயை எடுத்தால் எண் 18,27,000 ஆகிவிடுகிறது. எடை இரண்டு மடங்குதான் கூடியது. விறைப்போ எட்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சுவரை 5 மி.மீ. ஆக்கினால் 28,66,000, அதாவது 100 நியூட்டனுக்கு 0.004 மி.மீ.-க்கும் குறைவான வளைவு. இன்னொரு ஒப்பீடும் பார்க்கத்தக்கது. உள்ளே வெற்றிடமே இல்லாத 50 மி.மீ. சதுர இரும்புக் கட்டை மீட்டருக்கு 19.6 கிலோ எடை கொண்டது. மீட்டருக்கு 9 கிலோவே உள்ள 100 மி.மீ. மெல்லிய குழாய் அதைவிட மூன்றரை மடங்கு விறைப்பானது. பாலத்தில் உலோகத்தை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

வளைவைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முறுக்கலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கட்டரின் முனை பாலத்தின் மையக்கோட்டிலிருந்து 200, 250 மி.மீ. கீழே தொங்குகிறது. பாலத்துக்குக் குறுக்காக விசை விழும்போது, பாலம் வளைவதோடு தன் அச்சைச் சுற்றித் திருகவும் செய்கிறது. மேற்சொன்ன 50 மி.மீ. குழாயில், 250 மி.மீ. தொங்கலுக்கு இந்தத் திருகல் மட்டுமே முனையில் 0.06 மி.மீ.-ஐச் சேர்க்கிறது. அது வளைவைவிடக் கூடுதல். 100 மி.மீ. குழாயை 5 மி.மீ. சுவரோடு எடுத்தால், வளைவும் திருகலும் சேர்ந்தே 0.01 மி.மீ.-ஐத் தொடுவதில்லை. தொங்கலை 250-லிருந்து 150-ஆகக் குறைத்தாலும் திருகலின் பங்கு மூன்றில் ஒன்று அளவுக்கு வந்துவிடும். காரணம், தொங்கல் திருப்புவிசையையும் கூட்டுகிறது, திருகிய கோணத்தை முனையில் பெருக்கியும் காட்டுகிறது.

முறுக்கலைத் தாங்குவது மூடிய குறுக்குவெட்டு மட்டுமே. துணி சுற்றி வரும் அட்டைக் குழல் ஒன்றை எடுத்து இரண்டு கைகளாலும் திருகிப் பாருங்கள், அசையாது. அதன் நீளவாக்கில் கத்தியால் ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டு மறுபடி திருகினால் ஈரத்துணியைப்போல் திருகிக்கொள்ளும். 100 மி.மீ., 5 மி.மீ. சுவர் கொண்ட எஃகுக் குழாயிலும் இதே கதைதான். நீளவாக்கில் ஒரு பிளவு விழுந்தால் அதன் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ 270-இல் ஒரு பங்காகச் சரிந்துவிடும். சி வடிவச் சேனலையும், எல் வடிவக் கோணத்தையும், ஒற்றைத் தகட்டையும் பாலமாக வைக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குழாயின் உள்ளே வயர் விடுவதற்காகப் பக்கச் சுவரில் நீண்ட திறப்பு வெட்டுவதும் அதே தவறு. வட்டத் துளைகள் போதும். குழாயின் இரண்டு முனைகளையும் 10 மி.மீ. தகட்டால் மூடிவிட்டால், சதுரம் சாய்சதுரமாகக் குலைவதும் நின்றுவிடும்.

ரெயில்களை எங்கே பதிப்பது என்பதிலும் நுணுக்கம் உண்டு. குழாய்ச் சுவரின் நடுப்பகுதி பறைத்தோலைப்போல் உள்ளே அமுங்கும். மூலையை ஒட்டிய பகுதி அமுங்காது, ஏனெனில் அதன் பின்னால் அடுத்த சுவர் நிற்கிறது. ஆகவே ரெயில்களை மூலைகளை ஒட்டியே வையுங்கள். ஒன்றை மேல் மூலையிலும் மற்றதைக் கீழ் மூலையிலும் வைத்தால் இடைவெளியும் கூடும், திருகலைத் தாங்கும் பிடியும் கூடும். 20 மி.மீ. அகல ரெயிலுக்கு எம்5 போல்ட் 60 மி.மீ. இடைவெளியில் வரும். 3 மி.மீ. சுவரில் எம்5 மரை நான்கு சுற்றுகூட நிறையாது. ஒருமுறை இறுக்கிக் கழற்றினாலே உரிந்துவிடும். 5 அல்லது 6 மி.மீ. சுவர் கொண்ட குழாயை எடுங்கள், அல்லது ரெயிலின் கீழே 10 மி.மீ. பட்டையைச் சேர்த்து அதில் மரை போடுங்கள்.

பக்கத் தகடுகளும் உயரமும்

பாலத்தைத் தூக்கி நிற்கும் இரண்டு பக்கத் தகடுகள் அடியில் பிடிக்கப்பட்டு மேலே விடப்பட்ட நெம்புகோல்கள். அவற்றின் இளகலும் உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். உயரம் 150-லிருந்து 200 மி.மீ. ஆனால் இளகல் 2.4 மடங்காகிவிடும். ‘எப்போதாவது ஒரு கனமான கட்டையை வைக்க நேரலாம்’ என்று பாலத்தை 250 மி.மீ. உயரத்தில் நிறுத்துபவர்கள், அந்த ஒருநாள் வேலைக்காக மற்ற எல்லா நாளும் துல்லியத்தை இழக்கிறார்கள். பலகையும் தகடும் வெட்டுபவருக்கு மேசைக்கும் பாலத்துக்கும் இடையே 100 மி.மீ. போதும்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. அடிச்சட்டகத்தின் பக்கச் சுவர்களையே உயர்த்தி, பாலம் முன்னும் பின்னும் ஓடும் ஒய் ரெயில்களைப் பாலத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அப்போது நகரும் பக்கத் தகடு என்ற பாகமே இல்லாமல் போகிறது. உயரமான சுவர் நகராத பாகமாக இருப்பதால், அதை எவ்வளவு கனமாகவும் ஆக்கலாம். நீளமான பலகையை முன்புறமிருந்து நுழைக்க இடம் விட வேண்டும் என்பது மட்டுமே சிரமம். இடவசதி உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பாலத்தை அசையாமல் நிறுத்தி மேசையை நகர்த்தும் அமைப்பு விறைப்பில் இன்னும் ஒரு படி மேலானது. ஆனால், மேசை இரு பக்கமும் பயணிக்க வேண்டியிருப்பதால், இயந்திரத்தின் நீளம் வெட்டும் நீளத்தின் இரண்டு மடங்கைத் தாண்டும். 300, 400 மி.மீ. அளவில் அலுமினியம் வெட்டும் சிறிய இயந்திரத்துக்கு அது மிகப் பொருத்தம். பெரிய பலகைக்கு ஒத்துவராது.

நகரும் பாலமானால், கட்டரின் முனை முன்பின் ஒய் பிளாக்குகளுக்கு இடையே விழும்படி பக்கத் தகடுகளைப் பின்னோக்கிச் சாய்த்து வடிவமையுங்கள். முனை அந்த இடைவெளிக்கு வெளியே போனால், ஒவ்வொரு வெட்டும் பாலத்தை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். பாலத்தை இரண்டு பக்கமும் தனித்தனி பால் ஸ்க்ரூவால் (மோட்டார் சுழற்ற, பாகத்தை நகர்த்தும் மரைத் தண்டால்) இழுப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மறுபக்கம் பின்தங்கி, மூலை செங்கோணத்தை விட்டு விலகும்.

இசட் அச்சு

பெரும்பாலான வீட்டு இயந்திரங்களின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பிண்டிலைச் சுமக்கும் தகட்டை 10 அல்லது 12 மி.மீ. அலுமினியத்தில் செய்வது வழக்கம். நான் 20 மி.மீ.-க்குக் குறைவாகச் செய்வதில்லை. ஒரே அகலமுள்ள தகடு தடிப்பில் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது என்பதை மனத்தில் வையுங்கள். இசட் ரெயில்களை நகரும் தகட்டின் பின்புறத்தில் பதித்து, பிளாக்குகளைப் பாலத்தின் மேல் இடவலமாக ஓடும் எக்ஸ் வண்டியில் நிறுத்தினால், எஃகு ரெயில்கள் அலுமினியத் தகட்டுக்கு முதுகெலும்பாக நின்று விறைப்பைக் கூட்டும்.

மேல் பிளாக்குக்கும் கீழ்ப் பிளாக்குக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய, பிளாக்கின் சிறு தளர்வு முனையில் பெருகித் தெரியும். பிளாக்குகளுக்கு இடையே 80 மி.மீ. இருந்து, முனை கீழ்ப் பிளாக்கிலிருந்து 240 மி.மீ. கீழே தொங்கினால், 0.01 மி.மீ. தளர்வு முனையில் 0.03 ஆகிவிடும். அலுமினியத்துக்கு நாம் வைத்த வரம்பு முழுவதும் அதிலேயே கரைந்துவிட்டது. ஆகவே பிளாக்குகளை இயன்றவரை விலக்கி, இசட் பயணத்தைத் தேவைக்கு மேல் வைக்காமல், ஸ்பிண்டிலை அதன் பிடிக்குள் தாழ்வாக இறக்கிப் பொருத்துங்கள். 20 மி.மீ. ரெயிலின் ஒரு பிளாக் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் தகுதி உள்ளது என்பதால், சுமையைப் பற்றிய அச்சம் தேவையில்லை. முன்னிறுக்கம் கொடுக்கப்பட்ட, ஆட்டமில்லாத பிளாக்குகளாகக் கேட்டு வாங்குவதுதான் முக்கியம். இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட உருண்டைக் கம்பிகளை எந்த அச்சிலும் பயன்படுத்தாதீர்கள்; அவை நடுவில் தொய்ந்து கொடுக்கும்.

அடிச்சட்டகம்

நகராத பாகம் எவ்வளவு கனமாக இருந்தாலும் நன்மைதான். இதற்கும் வளைவைவிட முறுக்கலே எதிரி. வெறும் நான்கு குழாய்களால் ஆன செவ்வகம் எதிரெதிர் மூலைகளில் எளிதாகத் திருகிக்கொள்ளும். குறுக்குக் குழாய்கள் மட்டும் அதை நிறுத்திவிடாது. மேலும் கீழும் தகடு அடித்து மூடிய பெட்டியாக்கினால் நிறுத்தும். உலோக வேலை செய்ய வசதி இல்லாதவர்கள், 18 மி.மீ. பிளைவுட் அல்லது எம்டிஎஃப் பட்டைகளைச் சதுரக் கட்டங்களாகக் கோத்து, மேலும் கீழும் பலகை ஒட்டிய பெட்டியைக் கட்டலாம். மரவேலைக்கு அது நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. ஈரப்பதத்தில் எம்டிஎஃப் ஊதும் என்பதால், விளிம்புகள் உட்பட எல்லாப் பரப்புகளையும் வார்னிஷ் அல்லது எப்பாக்ஸி பூசி மூடிவிட வேண்டும்.

சீரில்லாத தரையில் நான்கு கால்கள் நின்றால், சட்டகம் தரைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும். ஒவ்வொரு காலிலும் உயரம் சரிசெய்யும் போல்ட் வைத்து, நான்கும் சமமாகச் சுமை ஏற்கும்படி அமைத்த பிறகே ரெயில்களைச் சீரமைக்கத் தொடங்குங்கள். சிறிய இயந்திரமானால் மூன்று கால்களில் நிறுத்துவது இன்னும் எளிது. மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஆடாமல் அமரும்.

வெல்டிங்கா, போல்ட்டா?

வெல்டிங் செய்த இணைப்பு விறைப்பானது, ஆனால் சூடு ஆறும்போது குழாயை இழுத்துக் கோணலாக்கும். முதலில் எல்லா மூலைகளையும் பொட்டு வைத்துப் பிடித்து, மூலைவிட்டங்களை அளந்து சரிபார்த்து, பிறகு எதிரெதிர் மூலைகளில் மாறிமாறிச் சிறு சிறு நீளமாகப் பற்றவைத்தால் இழுப்பு குறையும், முற்றிலும் மறையாது. ஆகவே வெல்டிங் செய்த பரப்பின் மேல் நேரடியாக ரெயிலைப் பதிக்க எண்ணாதீர்கள். ரெயில் அமரும் பரப்புகளை எல்லா வெல்டிங்கும் முடிந்த பின் மில்லிங் இயந்திரத்தில் ஒரே பிடியில் சீவிக்கொள்வது சிறந்த வழி.

அந்த வசதி இல்லாதபோது, தானே மட்டம் பிடிக்கும், நீர்போல் ஓடும், மெதுவாக இறுகும் எப்பாக்ஸியை ஊற்றித் தளம் அமைக்கலாம். ரெயில் அகலத்தைவிட இரு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. கூடுதலாகத் தடுப்புக் கட்ட வேண்டும். ஏனெனில் விளிம்பில் திரவம் தடுப்பின் மேல் ஏறி ஒட்டிக்கொள்ளும், அந்தப் பகுதி மட்டமாக இருக்காது. இரண்டு ரெயில் தளங்களையும் ஒரு குறுக்கு வாய்க்காலால் இணைத்து ஊற்றினால் இரண்டும் ஒரே நீர்மட்டத்தில் அமரும். ஊற்றிய பிறகு குமிழ்களை உடைத்துவிட்டு, இறுகும்வரை யாரும் இயந்திரத்தின் அருகே நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட் இணைப்பை ஆட்டமில்லாமல் நிறுத்துவது போல்ட்டின் உடல் அல்ல, இறுக்கத்தால் இரண்டு பரப்புகளுக்கு இடையே எழும் உராய்வு. 8.8 தர எம்8 போல்ட்டை 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், அது இரண்டு பாகங்களையும் ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட விசையோடு அழுத்திப் பிடிக்கும். ஆனால், இடையே பெயின்ட் பூச்சோ, பிசிறோ இருந்தால் அந்த அழுத்தம் நாளடைவில் தளர்ந்துவிடும்; சேரும் பரப்புகளில் பெயின்ட் அடிக்காதீர்கள். பள்ளம் வெட்டிய அலுமினிய புரொஃபைல்களைக் கொண்டு கட்டுபவர்கள், சிறிய மூலைப் பிடிகளை நம்பாமல் புரொஃபைலின் முனையில் மரை போட்டுத் தகட்டோடு நேரடியாகப் பூட்ட வேண்டும்.

அலுமினியப் பாலத்தில் எஃகு ரெயில் பதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு மீட்டர் நீளத்தில், ஒரு டிகிரி செல்சியஸுக்கு எஃகு சுமார் 12 மைக்ரானும் அலுமினியம் 23 மைக்ரானும் விரிகின்றன. பத்து டிகிரி மாறினால் வித்தியாசம் 0.11 மி.மீ. ஒரு பக்கத்தில் மட்டும் ரெயில் இருந்தால் பாலம் வில்லாக வளையும். மேலும் கீழும் சமச்சீராக ரெயில் பதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிர்வைத் தணிப்பது

நிமிடத்துக்கு 18,000 சுழற்சியில் ஓடும் இரண்டு பல் கட்டர், நொடிக்கு 600 முறை பொருளைத் தட்டுகிறது. வெற்றுக் குழாய் அந்தத் தட்டலுக்கு மணிபோல் ஒலிக்கும். அடிச்சட்டகத்தின் குழாய்களில் நன்கு காயவைத்த மணலை நிரப்பி மூடினால் அந்த ஒலி உடனே அடங்குவதைக் கையாலேயே உணரலாம். மணல் எடையையும் தணிப்பையும்தான் தருகிறது, விறைப்பைக் கூட்டுவதில்லை. கருங்கல் ஜல்லித்தூளை எப்பாக்ஸியில் பிசைந்து நிரப்பினால் ஓரளவு விறைப்பும் சேரும். நகரும் பாலத்தில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கூடுகிற எடையை மோட்டார்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி எழுப்ப வேண்டும்.

பால் ஸ்க்ரூவைப் பொறுத்தவரை, நீளத்துக்கு ஏற்ற விட்டத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் சட்டகத்தோடு தொடர்புடையது. 16 மி.மீ. விட்டமும் ஒரு சுழற்சிக்கு 5 மி.மீ. நகர்வும் உள்ள ஸ்க்ரூ, ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு மறுமுனை தாங்கப்பட்ட நிலையில், ஒரு மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,900 சுழற்சி வரை பாதுகாப்பாகச் சுழலும். ஒன்றரை மீட்டரானால் 900-க்கும் கீழே இறங்கிவிடும்; அதற்கு மேல் கயிறுபோல் சாட்டையடிக்கும். நீளம் கூடினால் 20 மி.மீ. விட்டத்துக்கோ, 10 மி.மீ. நகர்வுக்கோ மாறுங்கள். ஸ்க்ரூவின் பேரிங் பிடிகள் அமரும் தகடும் விசைச் சுற்றில் ஒரு பாகம்தான். அதை மெல்லிய கோணத் தகட்டில் பூட்டாதீர்கள்.

பூட்டிச் சீரமைப்பது

முதலில் ஒரு ஒய் ரெயிலை, நேரான விளிம்பு ஒன்றோடு ஒட்டி டயல் கேஜால் சரிபார்த்து முழுதாக இறுக்குங்கள். இரண்டாவது ரெயிலைத் தளர்வாக விட்டு, பாலத்தை முழு நீளமும் கையால் தள்ளி, அது தானாகத் தேடிக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். பாலம் எந்த இடத்திலும் கனக்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். ஓரிடத்தில் கனத்தால் மோட்டாரின் பலத்தை நம்பி விட்டுவிடாமல், அங்கே ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிசெய்யுங்கள்.

செங்கோணத்தைப் பெரிய முக்கோணத்தில் சோதிப்பதே நம்பகமானது. இயந்திரத்தைக் கொண்டே 600-க்கு 800 மி.மீ. செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் சிறு துளை போட்டு இரு மூலைவிட்டங்களையும் அளந்தால், இரண்டும் 1,000 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு மி.மீ. வித்தியாசம் வந்தால், மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. அளவுக்குக் கோணம் விலகியிருக்கிறது என்று பொருள்; இரண்டு ஒய் மோட்டார்களில் ஒன்றின் தொடக்கப்புள்ளியை நகர்த்திச் சரிசெய்யலாம். அதன்பின் ஸ்பிண்டிலில் ஒரு நீண்ட கை மாட்டி, அதன் நுனியில் டயல் கேஜைப் பொருத்தி, மேசையின் மேல் கையால் முழு வட்டம் சுற்றினால் ஸ்பிண்டில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். ஸ்பிண்டில் பிடியின் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகள் வைத்து அதை நிமிர்த்துங்கள். அது முடிந்த பிறகே மேசையின் மேல் பலி கொடுக்கும் (கட்டர் கீறினாலும் பரவாயில்லை என்று வைக்கும்) எம்டிஎஃப் பலகையைப் பூட்டி, இயந்திரத்தையே கொண்டு அதன் பரப்பைச் சீவுங்கள். முன்னதாகச் சீவினால், ஸ்பிண்டிலின் சாய்வு பலகையில் படிகளாகப் பதிந்துவிடும்.

இப்போது கொக்கித் தராசையும் டயல் கேஜையும் எடுங்கள். கட்டர் முனையைப் பத்துக் கிலோவுக்கு எக்ஸ் திசையிலும் ஒய் திசையிலும் இழுத்து, பாலத்தின் நடுவிலும் இரு ஓரங்களிலும் வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்துப் பிடிப்பில் வைத்தே இதைச் செய்ய வேண்டும். எண் வரம்பைத் தாண்டினால், கேஜை ஸ்பிண்டில் பிடி, இசட் தகடு, எக்ஸ் வண்டி, பாலம், பக்கத் தகடு என்று ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வந்து, எந்த இரண்டு படிகளுக்கு இடையே எண் அதிகமாகக் குதிக்கிறதோ அங்கே கை வையுங்கள். விசையை விட்டதும் முள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றால் பாகம் வளையவில்லை, இணைப்பு நழுவுகிறது. போல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். முதல் பத்து மணிநேர வெட்டுக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, அதே அளவீட்டைத் திரும்ப எடுத்து, தேதியோடு சட்டகத்தின் பக்கவாட்டில் அழியாத மையால் எழுதி வையுங்கள்.